என் காலைக் கழுவுவதற்கு முன்னால்

தம்பி,

ஜெயங்கொண்டத்தில் நிச்சயம் முடிந்து எல்லாரும் வேனில் ஏறினோம், நீ மட்டும் ஏறவில்லை. "நான் இப்படியே பஸ்ஸப் புடிச்சு மெட்ராஸ் போயிடறேம்மா" என்று உன் அம்மாவிடம் சொன்னாய். என் பக்கம் திரும்பவில்லை. இலையில் வைத்த பாயசத்தைக்கூட நீ தொடவில்லை என்பதைக் கவனித்தேன். காரணம் எனக்குத் தெரியும். உன் மாமனாராகப் போகிறவர் முறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, "தாலி கட்டறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் பெத்தவங்களுக்குப் பாத பூஜை வெச்சுக்கலாங்களா சம்பந்தி? பொண்ணு ரொம்ப ஆசைப்படுது" என்று கேட்டார். அவர் வாயை மூடுவதற்குள் நான், "அதெல்லாம் வேணாங்க, எங்க பக்கம் பழக்கமில்ல" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். பழக்கமில்லை என்பது பச்சைப் பொய் என்று உனக்குத் தெரியும். போன வருஷம் உன் சித்தப்பா மகன் கல்யாணத்தில் அவன் பெற்றவர்களின் காலைக் கழுவிச் சந்தனம் வைத்தபோது, பக்கத்தில் சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றதே நீதான்.

அடுத்த நாள் நீ போனில் சொன்னதை அம்மா என்னிடம் சொல்லிவிட்டாள். "நானாப் பாத்துப் புடிச்ச பொண்ணுங்கறதால அப்பாவுக்கு இன்னும் மனசு வரல" என்றாயாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. உன் கலைச்செல்வியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஏறுகிற ஆளையும் இறங்குகிற ஆளையும் பார்த்தே குணம் சொல்கிற தொழிலில் இருபத்தைந்து வருஷம் இருந்தவன் நான். அவள் முதல் தடவை நம் வீட்டுக்கு வந்தபோது நான் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். படியில் கால் வைத்து இறங்கும் முன் டிரைவரைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டு இறங்கினாள். நான் ஓட்டிய பஸ்ஸில் அப்படி இறங்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதில் நீ கிடையாது. அப்போதே எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. குறை அவளிடம் இல்லை, என் காலில் இருக்கிறது. மூன்று வருஷமாக நீ வரும்போதெல்லாம் சாக்ஸ் போட்டு மறைத்த கால் அது. அதை நீயும் அவளும் தாம்பாளத்தில் வைத்துக் கழுவினால் நான் மறைத்தது எல்லாம் அங்கேயே வெளியே வந்துவிடும். அதற்குப் பயந்துதான் வேண்டாம் என்றேன். பயந்தவன் பேச்சு எப்போதும் வெடுக்கென்றுதான் வரும், நீயும் கவனித்துக்கொள்.

ஆகவே இந்தக் கடிதம். நேரில் சொன்னால் நடுவில் நீ ஏதாவது கேட்பாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன். எழுதினால் தப்ப முடியாது. இதை என் கையாலேயே எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த விரல்கள் பேனாவைப் பிடிக்காது.

என் கழுத்தில் கட்டி வந்ததும், திருச்சியில் எட்டுத் தடவை கீமோ ஏற்றியதும் உனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நீ. உனக்குத் தெரியாதது, நான்காம் ஊசிக்குப் பிறகு என் விரல் நுனிகளிலும் கால் விரல்களிலும் எறும்பு ஊர ஆரம்பித்தது. எட்டாவது முடிந்தபோது எறும்பு போய் மரத்துப்போனது மிச்சம் இருந்தது. சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் உன் அம்மாதான் போட்டுவிடுவாள், நீ பார்த்தால் திரும்பிக்கொள்வேன். அந்த மருந்து நரம்பை அடிக்கும், மெதுவாகச் சரியாகும், கூடினால் உடனே வந்து சொல்லுங்கள் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். நான் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் கேட்பார், நான் "லேசா இருக்கு சார், பரவால்ல" என்பேன். காகிதத்தில் எழுதிவிட்டார் என்றால் பஸ் கையைவிட்டுப் போய்விடும் என்ற பயம். டாக்டருக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிட்டு வருகிற நோயாளி நான். இந்தப் புத்தி உனக்கும் கொஞ்சம் இருக்கிறது. உன் மேலதிகாரி கேட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்துக்கொள்கிறாய் என்று அம்மா சொன்னாள். என்னோடு போகட்டும் இது.

இனி பத்தியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் உன் பெரிய அத்தை வந்து, கட்டி வந்த உடம்புக்குக் கவிச்சி ஆகாது, கறி மீன் முட்டை எதுவும் கூடாது, பால் தயிர் மோரும் கூடாது, திரும்பவும் கட்டி பிடித்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுப் போனாள். நம் பக்கத்தில் எந்த வீட்டில் யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும் வாசலில் செருப்பை விடுவதற்கு முன்பே பத்தியம் சொல்ல ஆள் வந்துவிடும். அத்தை சொன்னது நாற்பத்தெட்டு நாள். நான் பிடித்தது மூன்று வருஷம். ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தில் முட்டையும் பாலும் தினமும் சேர்க்கச் சொல்லி அச்சடித்திருந்தது. அதை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தேன். ஏன் என்று கேள். என் பக்கத்துப் படுக்கையில் ஒருவர் இருந்தார், என்னைவிடச் சின்ன வயசு. அவர் வீட்டிலிருந்து தூக்கில் ஆட்டுக்கால் சூப் வரும், ரசித்துக் குடிப்பார். மூன்றாம் மாதம் அவர் போய்விட்டார். நான் ரசச் சோறு தின்று உயிரோடு இருந்தேன். அவர் வியாதி வேறு, என் வியாதி வேறு என்று யோசிக்கத் தோன்றவில்லை. என்னைப் பிழைக்க வைத்தது பத்தியம்தான் என்று மனசு முடிவு கட்டிவிட்டது. ஒரு சொட்டு மோர் உள்ளே போனால் கட்டி திரும்பிவிடும் என்று நினைத்தேன். எனக்குச் சாகப் பயம் தம்பி. அதை இப்போது ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை.

நீ மாதா மாதம் லீவில் வரும்போது நாட்டுக்கோழி முட்டையும் பால் பவுடரும் வாங்கி வருவாய். "ஒடம்ப தேத்துங்கப்பா" என்பாய். நான் வாங்கி வைத்துக்கொண்டு, நீ பஸ் ஏறியதும் எதிர் வீட்டில் கொடுத்துவிடுவேன். அந்த வீட்டுப் பிள்ளைகள் உன் புண்ணியத்தில் நன்றாக வளர்ந்தார்கள். உன் அம்மா எத்தனையோ தடவை கேட்டாள், "அந்தப் புள்ள ஆசையா வாங்கியாந்தத எதுக்குங்க தூக்கிக் குடுக்கறீங்க?" என்று. "ஒனக்கு நான் உசுரோட இருக்கறது புடிக்கலையா?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டால் எந்தப் பெண்தான் மேலே பேசுவாள்? முப்பது வருஷத்தில் நான் அவளிடம் பேசிய பேச்சுகளில் அதுதான் மோசமானது.

கீமோ முடிந்து ஆறு மாதத்தில் மறுபடியும் வண்டி எடுத்தேன். அரியலூரிலிருந்து பெரம்பலூர், பெரம்பலூரிலிருந்து அரியலூர். அந்த வருஷங்களில் அரியலூரைத் தனி மாவட்டம் என்றார்கள், பிறகு இல்லை பெரம்பலூரோடுதான் என்றார்கள், இப்போது மறுபடியும் தனி என்று பேச்சு அடிபடுகிறது. என் பஸ்ஸின் போர்டு மட்டும் மாறவே இல்லை. ஆனால் ஓட்டிய ஆள் மாறியிருந்தான். பெடல் காலுக்குக் கீழே இருப்பது எனக்குத் தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் மிதித்துப் பார்த்தேன், அப்போதும் தெரியவில்லை. பிறகு பிரேக் பெடல்மேல் பழைய சைக்கிள் ட்யூபைத் தடிப்பாகச் சுற்றினேன், பாதம் அதில் இடித்து நிற்கும் என்று. ஓரக்கண்ணால் கீழே பார்த்துக்கொள்வேன், வண்டி வேகம் குறைகிற சத்தத்தைக் காதால் கேட்டுக்கொள்வேன். அறுபது பேரை ஏற்றிக்கொண்டு இப்படி ஓட்டினேன். ஷெட்டில் மெக்கானிக் காதர் பாய் ட்யூபைப் பார்த்துவிட்டு, "என்ன டிரைவரே, புதுசா இருக்கு?" என்று கேட்டார். "மழையில வழுக்குது பாய்" என்றேன். அந்த மாதம் மழையே இல்லை. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

நாளாக ஆக மரமரப்பு குறையவில்லை, கணுக்காலைத் தாண்டி மேலே ஏறியது. நாக்கு சிவந்து எரிந்தது. குளிக்கும்போது முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் ஆடி விழப் பார்ப்பேன். எல்லாம் அந்த ஊசி மருந்தின் வேலை என்று நினைத்துக்கொண்டேன். பத்தியத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

அந்த நாளைச் சொல்லிவிடுகிறேன். காலை எட்டரை மணி, அரியலூர் ரயில்வே கேட்டை மூடிக்கொண்டிருந்தார்கள். முன்னால் ஒரு மொபெட் நின்றது. ஓட்டிவந்தது ஒரு அம்மா, பின்னால் யூனிஃபார்ம் போட்ட அவர் மகள். நான் வழக்கமான தூரத்தில் பிரேக்கை மிதித்தேன். பஸ் நிற்கவில்லை. இன்னும் அழுத்தி மிதித்தேன், போய்க்கொண்டே இருந்தது. கண்டக்டர் "அண்ணே!" என்று கத்தினான். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். பஸ் குலுங்கி நின்றது, ஆனால் முன்பக்கம் மொபெட்டைத் தட்டிவிட்டது. இரண்டு பேரும் விழுந்தார்கள். மகளுக்கு முழங்காலில் சிராய்ப்பு, அந்த அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்துபோனது. இன்னும் ஒரு கை தூரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் நினைக்காத நாள் இல்லை. "பிரேக் புடிக்கல, பிரேக் புடிக்கல" என்று கத்திக்கொண்டே கீழே பார்த்தேன். என் வலது கால் பெடல்மேல் இல்லை. பக்கத்தில் வெறும் தகரத் தரையை மிதித்துக்கொண்டிருந்தது.

முதலில் கத்தியபோது அது நிஜம் என்றுதான் நம்பினேன். காலைப் பார்த்த பிறகு அது பொய். ஆனால் கூட்டம் கூடியபோதும், போலீஸ்காரர் கேட்டபோதும், முதலாளி வந்து கேட்டபோதும் நான் அதையேதான் சொன்னேன், பிரேக் பிடிக்கவில்லை என்று. முதலாளி நேராக ஷெட்டுக்குப் போய்க் காதர் பாயைப் பிடித்துக்கொண்டார். பாய் சக்கரத்தைக் கழற்றி, எல்லாவற்றையும் பிரித்துக் காட்டி, "அல்லா மேல சத்தியமா சொல்றேங்க மொதலாளி, பிரேக்குல ஒரு கொறையும் இல்ல" என்றாராம். அவர் சொன்னதை யார் கேட்டார்கள்? இருபத்தைந்து வருஷம் ஒரு கோழியைக்கூட அடிக்காத டிரைவர் சொல்கிறான் என்று என்னை நம்பினார்கள். அவரை ஷெட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நீ சேதி கேட்டு மறுநாளே மெட்ராஸிலிருந்து ஓடிவந்தாய். என்னைப் பார்த்தாய், சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராகக் காதர் பாய் வீட்டு வாசலுக்குப் போனாய். தெருவே கேட்கும்படி, "நோயிலேர்ந்து இப்பத்தான் பொழைச்சு வந்திருக்காரு எங்கப்பா, அவர் உசுரோட வெளையாடறியா? நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கா?" என்று கேட்டாய். உன் அப்பா வயசுக்காரரை 'நீ' என்று பேசினாய். திரும்பி வந்து இதை என்னிடம் நீயே சொன்னாய், பெருமையாக. நான் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டேன். வாயைத் திறக்கவில்லை தம்பி. உன்னை ஒரு நல்ல மனிதரைத் திட்ட வைத்தது நான். இதற்காகத்தான் இந்தக் கடிதமே.

நீ மெட்ராஸுக்குத் திரும்பிய அடுத்த நாள் காலையில் காதர் பாய் நம் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வரவில்லை. கையில் அந்தச் சைக்கிள் ட்யூப் இருந்தது. "இத ஏன் சுத்துனீங்கன்னு மட்டும் நெசத்தச் சொல்லுங்க டிரைவரே. எனக்கு வேற ஒன்னும் வேணாம்" என்றார். நான் அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லிவிட்டு, தண்ணீர் கொண்டுவர நடந்தேன். அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "டிரைவரே, நில்லுங்க. அசையாதீங்க" என்றார். சிமெண்டுத் தரையில் வாசலிலிருந்து நான் நடந்த இடமெல்லாம் சிவப்பாகப் பதிந்திருந்தது. அவர் என்னை உட்கார வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார். செருப்பைத் துளைத்துக்கொண்டு ஒரு துருப்பிடித்த ஆணி சுண்டுவிரலுக்குக் கீழே பாதத்தில் ஏறியிருந்தது. அதோடு கடைக்குப் போய்வந்து, வாசலில் நின்று பக்கத்து வீட்டாரோடு பேசிவிட்டு, செருப்பு காலில் இருப்பதே தெரியாமல் வீட்டுக்குள்ளேயும் நடந்திருக்கிறேன்.

அவர் கீழே உட்கார்ந்து என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஆணியைப் பிடுங்கினார். "வலிக்கலையா?"

"இல்ல பாய்."

"இப்ப?" என்று காயத்தின் பக்கத்தில் அழுத்தினார்.

"இல்ல."

அவர் ட்யூபையும் ஆணியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "யா அல்லா, இந்தக் காலோடயா அத்தன சனத்த ஏத்திக்கிட்டுப் போனீங்க?" என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் நான் அழுதேன். கழுத்தில் கட்டி என்று சொன்னபோதுகூட நான் அப்படி அழுததில்லை. அவர் எழுந்து என் காலில் துண்டைக் கிழித்துக் கட்டி, "வாங்க, டாக்டர்கிட்ட போவோம், மத்தத அப்பறம் பாத்துக்கலாம்" என்று தன் டி.வி.எஸ். வண்டியில் உட்கார வைத்துப் பெரம்பலூருக்குக் கூட்டிப்போனார்.

அங்கே இருந்தது ஒரு பெண் டாக்டர், உன்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். காயத்துக்கு மருந்து போட்டு, ஊசி போட்டுவிட்டு அனுப்பியிருக்கலாம். அவர் விடவில்லை. கவட்டைக் குச்சி மாதிரி ஒரு இரும்பைத் தட்டி, என் கால் கட்டைவிரல்மேல் வைத்து, "அதிருதாங்க ஐயா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "அதிருதும்மா" என்றேன். அடுத்த காலில் வைத்தார். "இது?" "இதுவும் நல்லா அதிருது" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஐயா, இந்தத் தடவ நான் தட்டவே இல்ல" என்றார். காதர் பாய் மூலையில் நின்று தலையைக் குனிந்துகொண்டார். பிறகு டாக்டர் என்னைக் கால்களைச் சேர்த்து நின்று கண்ணை மூடச் சொன்னார். மூடினேன், சாய்ந்தேன், பாய் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு உண்மையைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தப் பெண், "கீமோ நிறுத்தி ரெண்டரை வருஷம் ஆச்சுங்கறீங்க. அந்த மருந்து பண்ணதா இருந்தா இந்நேரம் கொஞ்சமாவது கொறைஞ்சிருக்கணும். ஒங்களுக்குக் கூடிக்கிட்டே போவுது. தெனமும் என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டார். ரசச் சோறு, புளிக்குழம்பு, கம்பங்கூழ் என்றேன். முட்டை? இல்லை. பால், தயிர்? இல்லை. எத்தனை நாளாக? மூன்று வருஷம் ஆகிறது என்று நான் சொன்னபோது என் குரலில் பெருமை இருந்தது தம்பி, அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. ரத்தம் எடுத்துத் திருச்சிக்கு அனுப்பினார். பி பன்னிரண்டு என்று ஒரு சத்தாம். நரம்புக்குத் தோல் மாதிரி ஒரு உறை உண்டு, அதைக் காப்பாற்றி வைப்பது இதுதானாம். கறி, மீன், முட்டை, பால் வழியாகத்தான் நம் உடம்புக்குள் வருமாம். என் ரத்தத்தில் அது கிட்டத்தட்டத் தீர்ந்துபோயிருந்தது. திருச்சியிலிருந்து வந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொன்னதை நான் மறக்க மாட்டேன்: "பாதி அந்த மருந்து செஞ்சதுங்க ஐயா. மீதி நீங்க செஞ்சது."

"மருந்து செஞ்சது திரும்புமாம்மா?"

"தெரியாதுங்க. போனது போனதாவே இருந்தாலும் இருக்கும்."

"நான் செஞ்சது?"

"அதத் திருப்பப் பாக்கலாம். ஆனா லேட்டாயிடுச்சு. நெசத்தச் சொன்னீங்கன்னா பாக்கலாம்."

ஆணி பிடுங்கிய அன்று மாலையே முதலாளி வீட்டுக்குப் போய்ச் சாவியை வைத்தேன். பிரேக் பிடித்தது, என் கால்தான் பிடிக்கவில்லை என்று சொன்னேன். அவர் என்னைப் பேசிய பேச்சை எழுத மாட்டேன், ஒரு வார்த்தைகூட அதிகமில்லை. காதர் பாயைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். அடுத்த நாள் அந்த மொபெட் அம்மாவின் வீட்டுக்குப் போய் நிஜத்தைச் சொன்னேன். போலீஸ் ஸ்டேஷனிலும் சொன்னதை மாற்றி எழுதிக் கொடுத்தேன். லைசென்ஸையும் கொடுத்துவிட்டேன். வயசாகிவிட்டது என்று முதலாளி வேறு ஆள் போட்டுவிட்டார் என்று உன்னிடம் சொன்னதும் பொய்தான். அவர் என்னைத் துரத்தவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் பஸ் ஸ்டாண்டில் நேரம் குறிக்கிற வேலை கொடுத்தார். நீ அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாய், அதை நிறுத்து.

முதல் வாரம் தினம் ஒரு ஊசி, பிறகு வாரம் ஒன்று, இப்போது மாதம் ஒன்று. பத்தியத்தை முறித்த அன்று உன் அம்மா இரண்டு முட்டையை அவித்துத் தட்டில் வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். நான் தின்று முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. உன் பெரிய அத்தை வந்து, "அய்யோ தம்பி, உசுர வாங்கிக்கறியேடா" என்று கத்தினாள். "உசுரு இருக்குதுக்கா, காலுதான் போயிடுச்சு" என்றேன். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்குத் தெரிந்த அன்பு அது. மருந்து கொடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்காதது என் தப்பு. நாளைக்கு உன் வீட்டில் யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும், வருகிறவர்கள் சொல்வதையெல்லாம் மரியாதையாகக் கேள். தட்டில் என்ன வைப்பது என்பதை மட்டும் வைத்தியம் பார்க்கிறவரிடம் கேட்டு வை. எங்கே மரத்துப்போகிறது, எது கூடுகிறது என்பதையும் மறைக்காமல் சொல்.

ஆணி ஏறிய புண் ஆறவில்லை. அந்தச் சுண்டுவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்துவிட்டார்கள். நீ அந்தத் தீபாவளிக்கு வந்தபோது நான் கட்டுப் போட்டிருந்தது அதற்குத்தான், கல் தடுக்கி விழுந்தேன் என்று சொன்னது நினைவிருக்கும். மிச்சக் காலிலும் தழும்பு, கறுப்பு, வெடிப்பு. ஆனால் நான் விடுவதாக இல்லை. தினமும் காலையில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறேன். முதல் வருஷம் பத்து எண்ணுவதற்குள் ஆடுவேன், இப்போது நூறு வரை நிற்பேன். மாலையில் கால் கழுவி, உன் அம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து விரல் இடுக்கெல்லாம் பார்க்கிறோம். செருப்பைப் போடுவதற்கு முன் கையை விட்டுத் தடவிப் பார்க்கிறேன். ஒரு வருஷம் கழித்து ஒரு நாள் சட்டைப் பொத்தானை நானே போட்டுவிட்டேன், உன் அம்மா பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய்ச் சொன்னாள். கை முக்கால்வாசி திரும்பிவிட்டது. நடை திரும்பிவிட்டது, கண்ணை மூடினால் விழ மாட்டேன். உள்ளங்கால் மட்டும் வரவில்லை. இனி வராது என்று அந்தப் பெண் டாக்டர் சொல்லிவிட்டார். சரி, வந்தவரைக்கும் போதும், இதை வைத்துக்கொண்டு நடப்பேன். இன்னும் பேரப்பிள்ளையை ஸ்கூலுக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது.

ஊருக்கே சொன்னவன் உன்னிடம் மட்டும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். "எங்கப்பா ஒரு ஆக்சிடெண்ட் பண்ணது கெடையாது, அதுகூட பிரேக் ஃபெயிலியர்" என்று நீ உன் சிநேகிதர்களிடம் சொன்னதை ஒரு நாள் கேட்டேன். உனக்கு மட்டுமாவது அந்த டிரைவராகவே இருந்துவிட ஆசைப்பட்டேன். உன் அம்மாவையும் வாயை மூட வைத்தேன், அவளைத் திட்டாதே. காதர் பாய் மூன்று வருஷமாக என்னைப் பார்க்கும்போதெல்லாம், "தம்பிகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்கிறார். "நீங்களே சொல்லிடுங்க பாய்" என்றால், "நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிடும், பெத்தவங்க சொல்லணும்" என்கிறார். உன் பேச்சைச் சுமந்துகொண்டே உன் கல்யாணம் எப்போது என்றும் விசாரிக்கிறார்.

இனிமேல் நடக்க வேண்டியதைச் சொல்கிறேன், இதில் பேச்சு கிடையாது. குலதெய்வத்துக்குப் பத்திரிகை வைத்த கையோடு அடுத்த பத்திரிகையைக் காதர் பாய்க்குக் கொண்டுபோய் வை. உன் தாய்மாமன் கோபித்துக்கொண்டால் நான் சமாளித்துக்கொள்கிறேன். அன்றைக்கு எந்த வாசலில் நின்று பேசினாயோ அதே வாசலில், அதே மாதிரி தெருவுக்குக் கேட்கும்படி மன்னிப்புக் கேள். நான் தப்புச் செய்து நீ கேட்பது நியாயமா என்று தோன்றலாம். நானும் கூட வருவேன், உனக்கு முன்னால் நான் கேட்பேன். பிறகு இந்தக் கடிதத்தைக் கலைச்செல்வியிடம் கொடு. அவள் யாருடைய காலைக் கழுவப்போகிறாள் என்று தெரிந்து கழுவட்டும். உன் அம்மாவுக்கு நான் செய்ததை நீ அந்தப் பெண்ணுக்குச் செய்யாதே. உனக்காகப் பொய் சொல்ல வைக்காதே.

சம்பந்திக்கு நேற்று நானே போன் செய்தேன். அன்றைக்கு வாய் தவறிப் பேசிவிட்டேன், பாத பூஜை உண்டு, முதலில் எங்களுக்குத்தான் என்று சொன்னேன். மனிதர் குரலே மாறிவிட்டது, சந்தோஷம். சாக்ஸ் போடாமல் வருவேன். மூன்று விரல் உள்ள காலை முதலில் வைப்பேன், சொந்தக்காரர்கள் எட்டிப் பார்த்தால் பார்க்கட்டும். நீங்கள் ஊற்றும் தண்ணீர் சூடா குளிர்ச்சியா என்று எனக்குத் தெரியாது, நீயே கை வைத்துப் பார்த்து ஊற்று. நீங்கள் இரண்டு பேரும் என் காலைத் தொடுவதும் எனக்குத் தெரியாது. என் மகன் கை என் காலில் படுவதைக் கண்ணால் பார்த்துத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த நேரத்தில் வீடியோக்காரர் "சார், கொஞ்சம் இங்க நிமிர்ந்து பாருங்க" என்று கத்துவார். நான் நிமிர மாட்டேன், அவரிடம் முன்கூட்டியே சொல்லி வை.

உன் அப்பா